ஒன்பது கிளப், ஒரு ஸ்ட்ரைக்கர்: ஜிரூவின் ஆட்டத்தைக் கோத்தகிரியில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம்

போன வருடம் கோடை முடிகிற சமயத்தில், கீழே சமவெளியில் நடந்த ஒரு கால்பந்து வீரர் தேர்வுக்கு எங்கள் டீம் பையன்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மூன்று பேரை எடுத்தார்கள். விட்டது எங்கள் ஸ்ட்ரைக்கரை, முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டியவனை. டான்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுப் பையன், 17 வயது, வயதுக்கு மீறின உயரம். முதுகைக் கொடுத்து டிஃபெண்டரைத் தடுத்துப் பந்தை வாங்கினான் என்றால் அவனிடமிருந்து யாராலும் லேசில் பிடுங்க முடியாது. தேர்வாளர் நாங்கள் கொண்டுபோன தாளைப் பார்த்தார். 11 ஆட்டம், 3 கோல். "ஃபார்வர்டுன்னு சொல்றீங்க, மூணு கோல்தானே இருக்கு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவன் ஆடியதைப் பத்து நிமிடம்கூட முழுசாகப் பார்க்கவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறுகிற பஸ்ஸில் பையன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பாதி மலை ஏறின பிறகு, "அண்ணா, நான் இனிமே பேக் ஆடட்டுமா?" என்று கேட்டான். பேக் என்றால் பின்னால் நின்று தடுக்கிற ஆள். எனக்குத் தாங்கவில்லை. அந்த சீசனில் ஓரத்தில் ஓடுகிற எங்கள் விங்கர் அடித்த கோல்களில் பாதிக்கு மேல் இவன் காலிலோ நெஞ்சிலோ பட்டு வந்தவை. அது எதுவும் தாளில் இல்லை, ஏனென்றால் தாளை எழுதினது நான், கோலுக்கு மட்டும்தான் கட்டம் போட்டிருந்தேன்.

சரி, இதை ஒழுங்காகப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியில் அடிக்கிற மழைக்கு மைதானத்தில் கால் வைக்க முடியாது. அந்த இரண்டு மாதமும் மாலை நேரத்தில் ஒரு டீக்கடை மாடியில் உட்கார்ந்து, ஒரே ஒரு ஆட்டக்காரரின் முழு வாழ்க்கையையும் எடுத்துப் பார்த்தோம். பிரான்ஸின் ஒலிவியே ஜிரூ. பையன்கள் 'ஜிரூட்' என்றுதான் சொல்வார்கள், கடைசி எழுத்து பிரெஞ்சில் ஒலிக்காது என்று சொல்லிப் பார்த்தேன், மாறவில்லை. சுனில் சேத்ரியை எடுக்கலாமே என்று ஒருவன் கேட்டான். சேத்ரி நம் ஆள், பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நாட்டுக்காக 90 கோலுக்கு மேல் அடித்த மனிதரை எந்தத் தாளில் எழுதினாலும் அழகாகத்தான் தெரிவார். எங்களுக்கு வேண்டியது, தாளில் சரியாகத் தெரியாத ஒருவர்.

மலைப் பக்கத்துப் பையன்

ஜிரூ பிறந்தது 1986-இல், ஆல்ப்ஸ் மலையடிவார நகரமான ஷாம்பெரியில். வளர்ந்தது ஃப்ரோஜ் என்ற சின்ன ஊரில். இரண்டு பக்கமும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு, ஊருக்கு ஒரு கிளப். நம் பக்கம் ஒவ்வொரு ஹட்டிக்கும் (படுகர் ஊருக்கும்) ஒரு டீம் இருக்கிற மாதிரிதான். 13 வயதில் பக்கத்து நகரமான கிரெனோபிளின் கிளப்புக்குப் போகிறார், அங்கேயே பெரிய டீமுக்கும் வருகிறார். அப்போது கிரெனோபிள் இரண்டாம் டிவிஷன். இரண்டு சீசனில் லீக் ஆட்டம் 23, கோல் 2. அந்தத் தேர்வாளர் கையில் இந்தத் தாள் கிடைத்திருந்தால் இவரையும் திருப்பி அனுப்பியிருப்பார்.

கிரெனோபிளும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. 2007-இல் மூன்றாம் டிவிஷனில் ஆடிய இஸ்த்ர் கிளப்புக்கு ஒரு வருட லோனில், அதாவது இரவலாக, அனுப்பினார்கள், அங்கே 14 லீக் கோல் அடித்தார். திரும்பி வந்தால் கிரெனோபிள் முதல் டிவிஷனுக்கு ஏறியிருக்கிறது, அந்த டீமில் இவருக்கு இடமில்லை. பயிற்சியாளர் இவரை அந்த உயரத்துக்கு ஏற்ற ஆளாக நினைக்கவில்லை. 2008-இல், அப்போதுதான் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறி வந்த தூர் கிளப்புக்குப் போகிறார். முதல் சீசன் 9 லீக் கோல், அடுத்த சீசன் 21, அந்த டிவிஷனிலேயே அதிகம். 23 வயது. அந்த சீசன் முடிந்த 2010-இல் கிரெனோபிள் முதல் டிவிஷனில் கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது, இவர் மோம்பெலியே கிளப்புக்குப் போய் முதல் டிவிஷனுக்கு ஏறினார். அடுத்த வருடமே கிரெனோபிள் கிளப் பணச் சிக்கலில் திவாலாகி இன்னும் பல படி கீழே போய்விட்டது.

இந்த இடத்தில் பையன்கள் கைதட்டினார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை, ஊர் கிளப் அழிவதைப் பார்க்கிறது யாருக்கும் நல்லதில்லை. நான் அவர்களைப் பார்க்கச் சொன்னது வயதை. 21 வயதில் மூன்றாம் டிவிஷன், 23-இல் இரண்டாம் டிவிஷன். உயரமான பையன்களுக்கு உடம்பும் காலும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யவே நாள் எடுக்கும். முதுகு கொடுத்து ஆடுகிற ஆட்டம் அதைவிட லேட்டாக வரும், ஏனென்றால் அது பின்னால் நிற்கிறவனைக் கண்ணால் பார்க்காமலே தெரிந்துகொள்கிற வேலை. 17 வயதில் ஒருவனை முடித்துவிட்டால் இந்த வகை ஸ்ட்ரைக்கர் நமக்குக் கிடைக்கவே மாட்டான்.

மோம்பெலியே கதை சுருக்கமாக: 2011-12 சீசனில் அந்த கிளப் தன் சரித்திரத்தில் முதல் முறையாக பிரெஞ்சு லீக்கை ஜெயித்தது, கத்தார் பணம் வந்திறங்கிய பாரிஸ் கிளப் பிஎஸ்ஜியை மூன்று பாயிண்டில் தாண்டி. ஜிரூ 21 கோல். பிஎஸ்ஜியின் நெனேவும் அதே 21, பெனால்டி இல்லாத கோல் அதிகம் என்பதால் முதலிடம் ஜிரூவுக்கு. கோல் கணக்கே அவரைத் தூக்கிக் காட்டிய வருடம் இது.

ஆர்சனல்: திட்டும் வாங்கினார், கோப்பையும் வாங்கினார்

2012 கோடையில் லண்டன் கிளப் ஆர்சனல் வாங்குகிறது. அதே கோடையில் அங்கே ஸ்ட்ரைக்கராக இருந்த ராபின் வான் பெர்சி மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய்விட்டார், ஆக இவர் எதைச் செய்தாலும் வான் பெர்சியோடு வைத்துத்தான் பார்த்தார்கள். ஐந்தரை வருடத்தில் 253 ஆட்டம், 105 கோல். நல்ல எண்ணிக்கை. ஆனாலும் 'உலகத் தரம் இல்லை' என்ற பேச்சு கடைசி வரை நிற்கவில்லை.

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இந்தக் காலத்தில்தான். முதலில் 2013 அக்டோபரில் நார்விச்சுக்கு எதிராக ஆர்சனலின் ஜாக் வில்ஷியர் அடித்த கோல். கசோர்லா, வில்ஷியர், ஜிரூ மூன்று பேரும் ஒரே டச்சில் பந்தை மாற்றி மாற்றிக் கடைசியில் ஜிரூ காலின் வெளிப்பக்கத்தால் லேசாகத் தட்டி விடுகிறார், வில்ஷியர் ஓடிவந்து முடிக்கிறார். இதை நாற்பது தடவையாவது போட்டிருப்போம். பந்து வருவதற்கு முன்னாலேயே வில்ஷியர் எங்கே ஓடுவார் என்று ஜிரூவுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு டிஃபெண்டர்கள் ஜிரூவைப் பார்த்து நிற்கிறார்கள், அந்த நிற்றல்தான் வில்ஷியருக்குக் கிடைத்த வழி.

அப்புறம் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டங்கள். 2014-இல் ஹல் சிட்டிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ராம்சி அடித்த ஜெயிப்பு கோலுக்கு முன்னால் ஜிரூவின் குதிகால் தட்டல். 2015-இல் மாற்று ஆளாக வந்து ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக நான்காவது கோல். 2017-இல் செல்சிக்கு எதிராக மறுபடியும் மாற்று ஆளாக இறங்கி, முதல் தடவை பந்தைத் தொட்டதுமே இடது பக்கத்திலிருந்து கிராஸ், ராம்சி தலையால் முட்டி ஜெயிப்பு. மூன்று இறுதி ஆட்டம், மூன்றிலும் கை இருக்கிறது, அவர் பெயரில் கோல் ஒன்றுதான். எங்கள் பையனுக்கு முகம் மலர்ந்தது இங்கேதான்.

ஆனால் இதை மட்டும் காட்டி நிறுத்தினால் நான் அவனை ஏமாற்றுகிறேன். 2015-16 சீசனை எடுங்கள். ஆர்சனல் பட்டம் ஜெயிக்க வேண்டிய வருடம், பெரிய கிளப்புகள் எல்லாம் தடுமாறின. ஜனவரி நடுவில் லிவர்பூலுக்கு எதிராக இரண்டு கோல் அடித்த ஜிரூ, அதற்குப் பிறகு லீக்கில் சீசனின் கடைசி நாள் வரை கோலே அடிக்கவில்லை. கடைசி நாளில் வில்லாவுக்கு எதிராக மூன்று அடித்தார், அதற்குள் லெஸ்டர் பட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நான்கு மாதம் கோல் வராத ஸ்ட்ரைக்கரை மற்ற வேலைகளைச் சொல்லிக் காப்பாற்ற முடியாது. அந்த வருடம் ரசிகர்கள் திட்டியதில் நியாயம் இருந்தது. கோலைக் கணக்கில் எடுக்காதே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, கோலோடு மற்றதையும் எழுது என்கிறேன்.

2017 புத்தாண்டு நாளில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக சாஞ்செஸ் போட்ட கிராஸ் பின்னால் வர, உடம்பை முன்னால் சாய்த்து இடது குதிகாலால் தேள் கொட்டுகிற மாதிரி தூக்கி அடித்தாரே, அதற்கு அந்த வருடத்தின் மிக அழகான கோலுக்கான புஸ்காஸ் விருது கிடைத்தது. பையன்கள் எல்லாரும் அதை ஒரு வாரம் முயற்சி செய்து விழுந்து எழுந்தார்கள். ஆய்வுக்கு அதில் அதிகம் இல்லை, பார்க்க அவ்வளவு அழகு.

ஜனவரி 31, மூன்று ஸ்ட்ரைக்கர்கள்

2017 கோடையில் ஆர்சனல் லகாசெத் என்ற ஸ்ட்ரைக்கரை வாங்கியது. 2018 ஜனவரி 31 அன்று, கிளப் மாறுவதற்கான கடைசி நாள், ஜெர்மனியின் டோர்ட்மண்டிலிருந்து ஒபாமெயாங் ஆர்சனலுக்கு வருகிறார். அவர் வர வேண்டுமென்றால் டோர்ட்மண்டுக்கு ஒரு ஆள் வேண்டும், செல்சியிலிருந்து பட்சுவாயி லோனில் போகிறார். செல்சிக்கு ஆள் வேண்டும், ஜிரூ அங்கே போகிறார். மூன்று கிளப், மூன்று ஸ்ட்ரைக்கர், ஒரே நாளில் சங்கிலி மாதிரி. ஒருவரின் இடமாற்றத்தில் அவருடைய திறமை பாதி, மற்றவர்களின் தேவை பாதி என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு உதாரணம் கிடைக்கவில்லை.

செல்சியில் 2018-19 சீசன் வினோதமானது. பிரீமியர் லீக்கில் 27 ஆட்டத்தில் 2 கோல். அதே ஆள், அதே மாதங்கள், ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோபா லீக்கில் 11 கோல், போட்டியிலேயே அதிகம். பாகு நகரத்தில் இறுதி ஆட்டம், எதிரணி ஆர்சனல். முதல் கோல் ஜிரூவின் தலையால், பிறகு ஒரு பெனால்டி இவர் வாங்கிக் கொடுத்தது, 4-1. எந்தத் தாளை எடுத்துப் பார்த்து இவரை எடை போடுவீர்கள்? லீக் தாளையா, யூரோபா தாளையா? 2020 டிசம்பரில், 34 வயதில், செவியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோலும் இவரே. அந்த சீசனில் செல்சி சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஜெயித்தபோது இறுதி ஆட்டத்தில் இவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

கோல் அடிக்காமல் உலகக் கோப்பை

இதற்காகத்தான் ஜிரூவை எடுத்தோம். 2018 ரஷ்யா உலகக் கோப்பை. முதல் ஆட்டம் ஆஸ்திரேலியாவோடு, கோச் தெஷாம் இவரை வெளியே உட்கார வைத்து, சின்ன உடம்பு, வேகமான கால்கள் என்று மூன்று பேரை முன்னால் நிறுத்தினார். பந்து முன்னால் போய் நிற்கவே இல்லை. கடைசி இருபது நிமிடத்துக்கு ஜிரூ வந்தார், போக்பாவுக்கு ஒரு பந்தைத் தட்டிக் கொடுத்தார், அதுவே ஜெயிப்பு கோலானது. அடுத்த ஆட்டத்திலிருந்து இறுதி வரை இவர்தான் முதல் ஆள். பெருவோடு இவர் அடித்தது டிஃபெண்டர் மேல் பட்டு எம்பாப்பே காலுக்குப் போனது. அர்ஜென்டினாவோடு எம்பாப்பேவின் இரண்டாவது கோலுக்குப் பாஸ் கொடுத்தவரும் இவர். ஏழு ஆட்டத்திலும் ஆடினார், கோல் பூஜ்யம். பூஜ்யம் மட்டும் இல்லை, கோல் போஸ்ட்டுக்குள் போகிற மாதிரி ஒரு ஷாட்கூட இல்லை. பிரான்ஸ் கோப்பையை ஜெயித்தது. 1998-இல் பிரான்ஸ் முதல் முறை ஜெயித்தபோதும் ஸ்ட்ரைக்கர் கிவார்ஷ் ஒரு கோலும் அடிக்கவில்லை.

காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் விஷயம் புரியும். பின்னாலிருந்து நீளமாக வருகிற பந்து, ஜிரூ முதுகில் ஒரு சென்டர் பேக் ஒட்டிக்கொண்டிருப்பார், இன்னொருவர் உதவிக்கு நெருங்கி வருவார். அந்த இரண்டு பேர் நெருங்கியதால் திறந்த இடத்தில்தான் எம்பாப்பே ஓடுகிறார், கிரீஸ்மன் பந்தோடு திரும்புகிறார். ஆறடி மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்கிற ஆளைத் தனியாக விடவும் முடியாது, ஒரே ஆளால் சமாளிக்கவும் முடியாது. ஒரு டீமுக்கு இது கோலுக்குக் குறைந்த வேலை இல்லை என்று நான் சத்தியமாக நம்புகிறேன்.

2020 மார்ச்சில் இன்னொரு பிரெஞ்சு ஸ்ட்ரைக்கரான பென்சிமா, தன்னையும் ஜிரூவையும் ஒப்பிடுவது ஃபார்முலா 1 காரையும் கோ-கார்ட்டையும் குழப்புகிற மாதிரி என்ற அர்த்தத்தில் பேசினார். ஜிரூ பெரிதாகச் சண்டைக்குப் போகவில்லை. 2022 கத்தாரில் பென்சிமா காயத்தால் விலக, ஜிரூ நான்கு கோல் அடித்தார். போலந்துக்கு எதிரான கோலோடு முன்னாள் ஸ்ட்ரைக்கர் தியெரி ஆன்ரியின் 51 கோலைத் தாண்டி பிரான்ஸுக்காக அதிக கோல் அடித்தவர் ஆனார். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 78-ஆவது நிமிடத்தில் ஜெயிப்பு ஹெட்டர். இறுதி ஆட்டத்தில் 41-ஆவது நிமிடத்திலேயே வெளியே எடுத்துவிட்டார்கள், அந்த முகத்தை இப்போது பார்த்தாலும் கஷ்டமாக இருக்கிறது. 2024 யூரோவோடு நாட்டு அணியிலிருந்து விலகும்போது 137 ஆட்டம், 57 கோல்.

மிலானும் அதற்குப் பிறகும்

2021-இல் ஏசி மிலான். 34 வயது ஸ்ட்ரைக்கரை எதற்கு என்று கேட்டார்கள். அங்கே பழைய ஸ்ட்ரைக்கர் இன்சாகிக்குப் பிறகு 9-ஆம் நம்பர் சட்டை போட்ட யாரும் உருப்படவில்லை என்று ஒரு பேச்சு உண்டு, இவர் அதையே கேட்டு வாங்கிப் போட்டார். 2022 பிப்ரவரியில் அதே நகரத்து இன்டருக்கு எதிராக 75, 78-ஆவது நிமிடங்களில் இரண்டு கோல், 0-1 என்று இருந்த ஆட்டம் 2-1 ஆனது. கடைசி நாளில் சாசுவோலோவுக்கு எதிராக மேலும் இரண்டு. பதினொரு வருடத்துக்குப் பிறகு மிலானுக்கு லீக் பட்டம். 2023 அக்டோபரில் ஜெனோவாவோடு கோலி மென்யான் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மாற்று ஆட்கள் தீர்ந்துபோன நிலையில் ஜிரூ கையுறை மாட்டி கோலில் நின்றார், ஓடிவந்து பந்தை மடக்கவும் செய்தார், 1-0 ஜெயிப்பு நின்றது. பிறகு 2024-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் எஃப்சி, அங்கே லீக்கில் பெரிதாக எடுபடவில்லை, ஆனால் யுஎஸ் ஓப்பன் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் அடித்து ஜெயித்தார். 2025-இல் லீல், 13 வருடத்துக்குப் பிறகு மறுபடியும் பிரெஞ்சு லீக். ஒன்பதாவது கிளப்.

எங்கள் மைதானத்தில்

கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். காற்று லேசு, தூக்கி அடித்த பந்து கீழே சமவெளியில் போவதைவிட இங்கே தூரம் போகும், சமவெளி டீம்கள் வந்தால் முதல் கால் மணி நேரம் கோல் கிக்கைக் கணிக்கவே திணறும். பனி இறங்கினால் எதிர் கோல் போஸ்ட் தெரியாது, மைதானம் ஈரமாகிப் பந்து நிற்காமல் வழுக்கும். இந்த மாதிரி இடத்தில் தரையில் பத்து பாஸ் போட்டு ஏறுவது கஷ்டம். நீளமான பந்தை முன்னால் நின்று வாங்கி வைத்துக்கொள்கிற ஒருத்தன் இருந்தால்தான் டீம் மூச்சு விட முடியும். எங்கள் பையன் இரண்டு வருடமாகச் செய்தது அதைத்தான், நான்தான் அதற்குப் பெயரும் கட்டமும் வைக்காமல் இருந்தேன்.

இப்போது நோட்டை மாற்றிவிட்டேன். கோல், கோல் பாஸ் தவிர மூன்று கட்டம் கூடுதல்: முதுகு கொடுத்து வாங்கி நம் ஆளிடமே சேர்த்த பந்து, வாங்கி இழந்த பந்து, கோலுக்கு இரண்டு டச் முன்னால் அவன் தொட்டது. ஆட விருப்பமில்லாமல் வெளியே உட்காருகிற சின்னப் பையன்கள் இரண்டு பேர் எழுதுகிறார்கள், அவர்களுக்கும் ஆட்டம் புரிய ஆரம்பித்திருக்கிறது. எழுதத் தொடங்கின பிறகு அவனுடைய குறையும் கண்ணில் பட்டது. இடது காலுக்கு வருகிற பந்தில் தடுமாறுகிறான், பாக்ஸுக்குள் பந்தை நிறுத்திவிட்டுத்தான் அடிக்கப் பார்க்கிறான், ஜிரூவோ வந்த வேகத்திலேயே தொட்டு முடிப்பவர். பயிற்சி முடிந்ததும் அவன் தனியாக நின்று இடது காலில் 30 ஷாட் அடிக்கிறான், பந்து பொறுக்கிப் போட விங்கர் கூட நிற்கிறான். பேக் ஆடுகிற பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குன்னூர்க்காரர்களோடு ஆடியதில் நோட்டில் இருப்பது இது: கோல் 1, கோல் பாஸ் 1, வாங்கிச் சேர்த்தது 16, இழந்தது 4, கோலுக்கு முந்தின டச் 2. அடுத்த தேர்வுக்கு இந்தப் பக்கங்களையும் இருபது நிமிடக் காணொளியையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.